நாளை என்பது முன்பே இருக்கிறதா?

1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். கேட்டவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவர். தென்னிந்தியக் காலக்கணித முறைகளையெல்லாம் திரட்டி ‘கால சங்கலித’ என்ற நூலை அதே ஆண்டு சென்னையில் வெளியிட்டவர். கணிதரிடம் எண்களுக்குப் பதில் சோழிகள். அட்டவணைகளுக்குப் பதில் மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்கள். எழுத்துக்கு எழுத்து ஓர் எண் மதிப்பு உண்டு என்பதால் வாக்கியத்தைச் சொன்னாலே நிலாவின் இருப்பிடம் எண்ணாக வந்துவிடும்.

மே 31 இரவு நிகழ்ந்த கிரகணம் அது. கணக்கில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகியிருந்தன. அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒன்றும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் எழுதிவைத்திருக்கிறார். கொஞ்சம் ஏளனமாகத்தான் தொனிக்கிறது. எனக்கோ, 52 நிமிடப் பிழையைவிட அந்த 4 நிமிடம்தான் வியப்பாக இருக்கிறது. காரணம் தெரியாமலே வருவதைச் சொல்ல முடிந்திருக்கிறது! நிலா பூமிக்கு மிக அருகே வரும் புள்ளியை 248 நாளில் ஏறக்குறையச் சரியாக ஒன்பது முறை எட்டும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியமாக முன்னோர் கட்டிவைத்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வருவதை எண்ணத் தெரிந்தால் போதும். ஏன் வருகிறது என்று தெரியவேண்டியதில்லை.

அப்போது பாரிஸில் உயிரோடிருந்த பியர் சிமோன் லாப்லாஸ் நேர் எதிர்முனையில் நின்றவர். அவரிடம் ‘ஏன்’ என்பதற்கு விடை இருந்தது. நியூட்டனின் விதிகளைக் கொண்டு வியாழன், சனி, நிலா ஆகியவற்றின் அசைவுகளையெல்லாம் கணக்குக்குள் கொண்டுவந்த அவர், 1814-இல் வெளியிட்ட ஒரு நூலின் தொடக்கத்திலேயே இப்படியொரு எண்ணத்தை முன்வைத்தார். ஒரு கணத்தில் அண்டத்தின் ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது, எந்த விசைக்கு உட்பட்டிருக்கிறது என்று முழுதாக அறிந்த ஓர் அறிவு இருக்கட்டும். அத்தனையையும் கணக்கிட வல்லதாகவும் அது இருக்கட்டும். அதற்கு ஐயம் என்று எதுவுமே இராது. கடந்தது போலவே வரப்போவதும் அதன் கண்முன் விரிந்து கிடக்கும். பிற்காலத்தவர் அந்த அறிவுக்கு ‘லாப்லாஸின் பூதம்’ என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த நூல் நிகழ்தகவைப் பற்றியது. எல்லாம் தீர்மானமானதுதான், நமக்குத் தெரியாததால்தான் வாய்ப்பு, தற்செயல் என்றெல்லாம் பேசுகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அவர் வாய்ப்புகளை எண்ண உட்கார்ந்தார்.

அந்தத் தன்னம்பிக்கை வெறும் ஆணவமல்ல. எட்மண்ட் ஹாலி ஒரு வால்மீன் 1758 வாக்கில் திரும்பி வரும் என்று சொல்லிவிட்டு, அதைப் பார்க்காமலே 1742-இல் இறந்துபோனார். கிளெரோ, லலாந்த், நிக்கோல்-ரேன் லெபோத் மூவரும் வியாழனும் சனியும் அதை எவ்வளவு இழுக்கும் என்று மாதக்கணக்கில் கையால் கணக்குப் போட்டார்கள். சூரியனை அது நெருங்கும் நாள் 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று அறிவித்தார்கள். மார்ச் 13 அன்று நெருங்கியது. இப்படி ஒன்றைப் பார்த்த பிறகு, வானத்துக்குச் செல்லும் விதி வயலுக்கும் வீட்டுக்கும் செல்லாதா என்று கேட்பது இயல்புதானே.

ஆனால் இங்கே மூன்று கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. வருவதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது ஒன்று. சொல்ல முடியாவிட்டாலும் அது முன்பே தீர்மானமாகிவிட்டதா என்பது வேறு. இவை இரண்டுக்கும் அப்பால், நாளை என்பது இப்போதே எங்கோ ‘இருக்கிறதா’ என்ற மூன்றாவது கேள்வி. சாதாரணப் பேச்சில் மூன்றையும் ஒன்றாகப் பாவிக்கிறோம். ஜாதகக்காரரும் பாவிக்கிறார், அவரை மறுப்பவரும் பாவிக்கிறார். கடந்த இருநூறு ஆண்டு இயற்பியல் இந்த முடிச்சை அவிழ்த்த கதையாகவே எனக்குத் தோன்றுகிறது.

முதல் இழை சூரிய மண்டலத்திலேயே பிரிந்தது. சுவீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்காரின் 60-ஆவது பிறந்தநாளையொட்டி, 1889-இல் முடிவு அறிவிக்கப்படும் கணிதப் போட்டி ஒன்று நடந்தது. ஒன்றையொன்று ஈர்க்கும் பல பொருள்களின் பாதையைக் கணிப்பது அதில் ஒரு கேள்வி. ஆன்ரி புவான்கரே பரிசை வென்றார். கட்டுரை அச்சாகிக்கொண்டிருந்தபோது, இதழின் பதிப்புப் பணியிலிருந்த ஃபிராக்மென் என்ற இளைஞர் சில இடங்கள் புரியவில்லை என்று கேட்க, புவான்கரே தோண்டிப் பார்த்து ஒரு பெரும் பிழையைக் கண்டுபிடித்தார். வெளியே போயிருந்த பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. மறுபதிப்புச் செலவை அவரே ஏற்றார். பரிசுத்தொகை 2,500 குரோனர், செலவு 3,500-ஐத் தாண்டியது. திருத்திய கட்டுரையில்தான் உண்மையான புதையல் இருந்தது. மூன்றே பொருள்கள், துல்லியமான விதிகள், அப்படியிருந்தும் தொடக்கத்தில் ஏற்படும் நுண்ணிய வேறுபாடு பிற்பாடு பேருருவம் எடுத்துவிடக்கூடும். விதி பிசகவே இல்லை, ஆனாலும் பாதையை நெடுந்தூரம் கணித்துச் சொல்ல வழியில்லை.

இது எழுபது ஆண்டுகளுக்கு மேல் கணிதர்களுக்குள்ளேயே புழங்கிக்கொண்டிருந்தது. 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரென்ஸ் ஒரு மேசையளவு கணினியில் எளிய வானிலை மாதிரி ஒன்றை ஓடவிட்டிருந்தார். பழைய ஓட்டம் ஒன்றை இன்னொரு முறை பார்க்க விரும்பி, அச்சான தாளிலிருந்த எண்களை நடுவிலிருந்து தட்டச்சிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார். திரும்பி வந்தால் வானிலை முற்றிலும் வேறாக இருந்தது. இயந்திரக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். காரணம் அற்பமானது: கணினியின் நினைவில் 0.506127 என்று ஆறு இலக்கம், தாளில் இடம் மிச்சப்படுத்த 0.506 என்று மூன்று இலக்கம். அந்தக் கடைசி மூன்று இலக்கங்கள் இரண்டு மாத வானிலையைத் தலைகீழாக்கிவிட்டன. இன்று எத்தனை செயற்கைக்கோள்கள், எவ்வளவு பெரிய கணினிகள் இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல் உருப்படியாகச் சொல்ல முடிவதில்லை என்றால், அது வானிலை மையத்தாரின் திறமைக் குறைவல்ல.

லாப்லாஸ் பெருமைப்பட்ட கோள்களின் நிலையும் இதுதான். 1989-இல் ஜாக் லஸ்கார் உள்கோள்களின் பாதைகளை ஆராய்ந்தபோது, ஒரு கோடி ஆண்டுக்கு ஒருமுறை பிழை பத்து மடங்காகிறது என்று கண்டார். பூமியின் இருப்பிடத்தை இன்று 15 மீட்டர் பிழையோடு அறிந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி ஆண்டு கழித்து அது 150 மீட்டர். கவலையில்லை. பத்து கோடி ஆண்டு கழித்து 15 கோடி கிலோமீட்டர், அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் முழுவதும் பிழை! பூமி தன் சுற்றுப்பாதையில் எந்தப் பக்கம் நிற்கும் என்பதுகூடத் தெரியாது. 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் அருகே முழுச் சூரிய கிரகணம் ஆறு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் என்று அடித்துச் சொல்லும் அதே விஞ்ஞானத்தின் எல்லை இது. லஸ்காரும் கஸ்டினோவும் 2009-இல் வெளியிட்ட கணிப்புகளில் சுமார் நூற்றில் ஒன்றில், சூரியனின் ஆயுள் முடியும் முன்பே புதனின் பாதை நீண்டு பிற கோள்களோடு மோதும் அளவுக்குச் சிதைகிறது. எந்தக் கணிப்பு உண்மையாகும்? இன்று புதன் இருக்கும் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வேறுபாட்டில் அது இருக்கிறது.

இதுவரை பூதத்துக்குத் தோல்வி இல்லை. அதற்கு எல்லா இலக்கமும் தெரியும் என்பதுதானே கற்பனை. நமக்குத் தெரியாதது நம் குறை என்று அது சிரித்துக்கொண்டு போய்விடலாம்.

அதன் சிரிப்பை நிறுத்தியது நம் உடம்புக்குள்ளேயே நடப்பது. சராசரி மனித உடலில் ஒவ்வொரு நொடியும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைகின்றன. அதன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டு. அந்த அணுக்கள் சூரியன் பிறக்கும் முன்பே பழைய விண்மீன்களுக்குள் உருவானவை. 450 கோடி ஆண்டுக்கு மேல் எதுவும் ஆகாமல் இருந்த ஓர் அணு, நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது சிதைகிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொன்று சும்மா இருக்கிறது. இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு? குவாண்டம் இயற்பியலின் வழக்கமான விடை: எந்த வேறுபாடும் இல்லை. அணுவுக்கு மூப்பு கிடையாது. நேற்று உருவான அணுவுக்கும் ஆயிரம் கோடி ஆண்டுப் பழைய அணுவுக்கும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றே. இந்தக் கணத்தில் இந்த அணு ஏன் என்பதற்கு முன்காரணம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

இங்கே முதல் இரண்டு கேள்விகளும் தலைகீழாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். கோள்கள் தீர்மானமானவை, ஆனால் கணிக்க முடியாதவை. பொட்டாசியமோ தீர்மானமற்றது, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் மிகத் துல்லியமாகக் கணிக்கக்கூடியது. பாறைகளின் வயதைச் சொல்லும் கடிகாரமாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் தற்செயல், திரளாகச் சேர்ந்தால் ஒழுங்கு. ஆகவே சொல்ல முடிவதற்கும் தீர்மானமானதற்கும் உறவு நாம் நினைத்த மாதிரி இல்லை.

மனித விருப்பத்துக்கு இதனால் விடுதலை கிடைத்துவிட்டது என்று கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த மகிழ்ச்சி புரிந்ததில்லை. நான் எழுந்து போவதற்குக் காரணம் கோடானுகோடி ஆண்டுக்கு முந்தைய துகள்களின் நிலை என்றால் அது என் விருப்பமல்ல. மூளைக்குள் ஓர் அணு காரணமின்றித் துள்ளியது என்றாலும் அது என் விருப்பமல்ல. அந்த விவகாரத்தை இயற்பியல் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். நகர்வோம்.

மூன்றாவது கேள்விக்கு வருவதற்குக் காலத்தையே தொட்டாக வேண்டும். 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னது, எல்லோருக்கும் பொதுவாக ஓடும் ஒரே காலம் இல்லை என்பது. 1971 அக்டோபரில் ஹாஃபலி, கீட்டிங் என்ற இருவர் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். கிழக்கு நோக்கிப் போன கடிகாரங்கள் தரையிலிருந்தவற்றைவிட 59 நானோவினாடி பின்தங்கின. மேற்கு நோக்கிப் போனபோது 273 நானோவினாடி முந்தின. உயரத்துக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் போல்டரில் 2010-இல் ஒரு கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் உயர்த்திவைத்து, அது வேகமாக ஓடுவதை அளந்துவிட்டார்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் தலை அவருடைய பாதத்தைவிடச் சற்று முதியது. நம் கைப்பேசியின் வரைபடத்துக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி முந்திவிடும் என்பதால், அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். திருத்தாவிட்டால் ஒரே நாளில் வழி பத்து கிலோமீட்டருக்கு மேல் பிசகும்.

கடிகாரங்கள் வெவ்வேறாக ஓடுவதை மனம் எப்படியாவது ஏற்றுக்கொண்டுவிடுகிறது. தொண்டையில் சிக்குவது அடுத்தது: ‘இப்போது’ என்பதும் பொதுவானதல்ல. தொலைவில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பது பார்ப்பவர் எவ்வளவு வேகத்தில் நகர்கிறார் என்பதைப் பொறுத்தது. வேறுபாடு தூரத்தோடு பெருகும். ஆண்ட்ரோமெடா விண்மீன்மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. சாலையில் ஒருவர் அதன் திசையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார், இன்னொருவர் எதிர்த்திசையில் அதே வேகத்தில் நடக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கடக்கும் கணத்தில், ஆண்ட்ரோமெடாவில் ‘இப்போது’ என்று இருவரும் கணக்கிடும் நேரங்களுக்கு இடையே சுமார் எட்டு நாள் இடைவெளி. ஒருவருக்கு இன்னும் நடக்காதது மற்றவருக்கு ஏற்கனவே நடந்தது! 1966-இல் ரீட்டெக், 1967-இல் ஹிலரி பட்னம் ஆகியோர் இதை வாதமாக்கினார்கள்: எது நடந்துவிட்டது, எது நடக்கவில்லை என்பதற்குப் பொதுக்கோடு கிழிக்க முடியாதென்றால் எல்லாமே சமமாக ‘இருக்கின்றன’ என்றுதானே ஆகும். ரோஜர் பென்ரோஸ் 1989-இல் எழுதிய நூலின் வழியே இது பரவலாகப் பேசப்பட்டது.

இந்தப் பார்வையில் அண்டம் நான்கு பரிமாணங்கள் கொண்ட ஒரே கட்டி. இடத்தையும் காலத்தையும் இனிப் பிரிக்க முடியாது என்று கணிதர் மின்கோவ்ஸ்கி 1908-இல் கொலோன் நகரில் பேசிய உரையிலிருந்து பிறந்த படம் அது. அதில் நேற்றும் நாளையும், சென்னையும் மதுரையும்போல, வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன, எதுவும் ‘வருவதில்லை’. ஐன்ஸ்டைனின் வாழ்நாள் நண்பர் மிக்கேலே பெஸ்ஸோ 1955 மார்ச்சில் இறந்தபோது, அவர் குடும்பத்துக்கு எழுதிய மடலில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவினை பிடிவாதமான ஒரு மாயைதான் என்ற பொருளில் ஐன்ஸ்டைன் ஆறுதல் சொன்னார். அடுத்த மாதம் அவரே காலமானார்.

இந்தக் கட்டியண்டப் படம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமல்ல. மணிமேகலையில் ஆசீவகர் வந்து தம் கொள்கையைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வடக்கே மங்கிய பிறகும் தென்னாட்டில் பல நூற்றாண்டுகள் நிலைத்த சமயம் அது. அதன் ஆசான் மற்கலி கோசாலர் நியதி ஒன்றையே நம்பியவர். எறிந்த நூற்கண்டு நூல் தீரும் வரை பிரிந்துகொண்டே போவதுபோல உயிர்கள் தம் சுற்றை முடித்தே தீரும், முயற்சியால் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று அவர் போதித்ததாகப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. அவரை மறுத்தவர்களின் எழுத்தே நமக்கு மிஞ்சியிருப்பதால் முழு வாதம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆசீவகத்தையும் ஐன்ஸ்டைனையும் ஒன்றாக்குவதற்கு நான் உடன்படமாட்டேன். கோசாலரின் கண்டு பிரிகிறது; அதில் காலம் ஓடுகிறது. மின்கோவ்ஸ்கியின் படத்தில் ஓட்டமே இல்லை.

ஆண்ட்ரோமெடா வாதம் தோன்றுமளவு வலுவானதா? எனக்கு ஐயம் உண்டு. அந்த எட்டு நாள் வேறுபாட்டால் நடப்பவர் இருவருக்கும் எதுவும் தெரிந்துவிடப்போவதில்லை. அங்கிருந்து செய்தி வர 25 லட்சம் ஆண்டு ஆகும். எந்தக் காரணமும் ஒளியை முந்த முடியாது. ஆகவே தொலைவில் நடப்பதை ‘இப்போது’ என்று சொல்வது கணக்கெழுதும் வசதிக்கான ஏற்பாடு மட்டுமே, அதிலிருந்து ‘இருக்கிறது’ என்ற பெரிய முடிவுக்குத் தாவ முடியாது என்று சொல்லும் தத்துவவாதிகள் இருக்கிறார்கள். சார்பியல் கட்டியண்டத்தை இயல்பான படமாக்குகிறது, கட்டாயமாக்கவில்லை. மேலும் ஒன்று: நாளை ‘இருக்கிறது’ என்றே வைத்துக்கொண்டாலும் இன்றைய நிலையால் அது தீர்மானிக்கப்பட்டது என்று பொருளல்ல. பொட்டாசியம் அணு காரணமின்றிச் சிதையும் அண்டமும் நான்கு பரிமாணக் கட்டியாக இருக்கலாம்.

அப்படியானால் நேற்று முடிந்துபோனதாகவும் நாளை திறந்திருப்பதாகவும் நமக்கு ஏன் இவ்வளவு உறுதியாகத் தெரிகிறது? விஞ்ஞானப் பேச்சுகளில் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. உண்மையில் புதிரின் மையமே இங்கேதான் என்பேன். அணுக்களின் அசைவை ஆளும் அடிப்படை விதிகள் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும். இரண்டு அணுக்கள் மோதி விலகுவதைப் படமெடுத்துத் திருப்பி ஓட்டினால் வித்தியாசம் தெரியாது. முட்டை உடைவதைத் திருப்பி ஓட்டினால் குழந்தைகூடச் சிரிக்கும். இடையில் எங்கே திசை நுழைந்தது?

லூட்விக் போல்ட்ஸ்மன் விடையை எண்ணிக்கையில் கண்டார். நூறு நாணயங்களைச் சுண்டினால் நூறும் தலையாக விழ ஒரே ஒரு வழி. ஐம்பது தலை ஐம்பது பூவாக விழும் வழிகளின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின் 29 சுழியம் போட்டால் வருவது. யாரும் தள்ளாமலே உலகம் வழிகள் மிகுந்த நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வழிகளின் எண்ணிக்கையை அளப்பதுதான் என்ட்ரோபி. வியன்னாவில் போல்ட்ஸ்மனின் கல்லறையில் அந்தச் சமன்பாட்டையே பொறித்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய நண்பர் லோஷ்மிட் 1876-இல் ஓர் ஊசியைச் செருகினார். விதிகள் இருதிசையும் சமமென்றால் இதே வாதம் பின்னோக்கியும் செல்லுமே! நாளை என்ட்ரோபி கூடியிருக்கும் என்று சொல்லும் அதே கணக்கு, நேற்றும் கூடியிருந்தது என்றல்லவா சொல்லும்?

இதற்குக் கணிதத்துக்குள் விடை இல்லை. வரலாற்றிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. 1,380 கோடி ஆண்டுக்கு முன் அண்டம் மிகமிகக் குறைந்த என்ட்ரோபியோடு தொடங்கியது. அந்த இளம் அண்டத்தின் எச்சமான நுண்ணலைப் பின்னணி வானமெங்கும் லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடுதான் காட்டுகிறது. ஈர்ப்பு விசை இருக்கும் இடத்தில் இவ்வளவு சீராகப் பரவிக் கிடப்பது அசாதாரணமான நிலை. பொருள் திரண்டு குமிவதுதான் அதற்கு இயல்பு. ஏன் அப்படித் தொடங்கியது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விளக்கம் இல்லை. ஆனால் அப்படித் தொடங்கியதால்தான் தடயங்கள் இருக்கின்றன. ஈரமண்ணில் காலடி, பாறையில் புதைபடிவம், மூளையில் நினைவு எல்லாமே தாழ்ந்த என்ட்ரோபியிலிருந்து நாம் ஏறி வந்துகொண்டிருப்பதன் அடையாளங்கள். நாளைக்குத் தடயம் இல்லை. அதனால் அது திறந்திருப்பதாகத் தோன்றுகிறது. நேற்று உறுதியானது என்ற உணர்வு, நேற்றைப் பற்றிச் சாட்சிகள் இருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது. அண்டம் கட்டியா இல்லையா என்ற வழக்கில் அந்த உணர்வைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடியாது.

மீண்டும் இரண்டாம் கேள்வி. அணு காரணமின்றிச் சிதைகிறது என்பதை ஐன்ஸ்டைன் கடைசிவரை ஏற்கவில்லை. நாம் காணாத உள்விவரம் ஏதோ இருக்க வேண்டும் என்றார். இதை ஆய்வகத்தில் சோதிக்க முடியும் என்று 1964-இல் காட்டினார் வட அயர்லாந்தில் பிறந்த ஜான் பெல். ஒன்றாகப் பிறந்த இரண்டு ஒளித்துகள்களை வெவ்வேறு திசையில் அனுப்பி, ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு கோணத்தில் சோதிக்கிறோம். எந்தக் கோணத்தில் கேட்டால் என்ன பதில் என்பதைப் புறப்படும்போதே அவை எடுத்துச் சென்றால், இரண்டு பக்கப் பதில்களும் ஒத்துப்போவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இயற்கை அந்த வரம்பை மீறுகிறது. கிளவுசர் 1972-இல் ஃபிரீட்மனோடு சேர்ந்தும், அலன் அஸ்பெ 1982-இலும், பிறகு ஆன்டன் சைலிங்கரும் இதைக் காட்டினார்கள். மூவருக்கும் 2022-இல் நோபல் கிடைத்தது. துகள்கள் பதிலைச் சுமந்து செல்லவில்லை. அல்லது, டேவிட் போம் 1952-இல் முன்வைத்ததுபோல, தொலைவில் இருப்பது இங்கே இருப்பதை உடனடியாகத் தொடுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்மானவாதத்தைக் காப்பாற்றக் கொடுக்க வேண்டிய விலை அது.

இன்னொரு சந்து மிச்சமிருந்தது. எந்தக் கோணத்தில் சோதிப்பது என்று ஆய்வாளர் ‘சுதந்திரமாக’த் தேர்ந்தெடுப்பதாகக் கொள்கிறோமே, அந்தத் தேர்வே முன்பே நிர்ணயமானதாக இருந்தால்? துகளுக்கும் ஆய்வாளருக்கும் ஒரே பழைய காரணம் இருந்து, கேள்விக்கேற்ற பதில் முன்பே தயாரிக்கப்பட்டிருந்தால்? பெல்லே இதை ஒப்புக்கொண்டு இதற்கு மீநிர்ணயவாதம் என்று பெயரும் தந்தார். 2018 ஜனவரியில் கேனரி தீவுகளின் லா பால்மாவில் சைலிங்கர் குழு செய்த சோதனையை நான் நினைத்து நினைத்து வியப்பதுண்டு. கோணத்தை மனிதரோ இயந்திரமோ தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு தொலைநோக்கிகள் வெகுதொலைவில் ஒளிரும் இரண்டு குவாசர்களைப் பார்த்தன. வந்து விழும் ஒளித்துகள் சிவப்புப் பக்கமா நீலப் பக்கமா என்பதே கோணத்தைத் தீர்மானித்தது. ஓர் ஒளி 780 கோடி ஆண்டுக்கு முன் புறப்பட்டது. மற்றது 1,220 கோடி ஆண்டுக்கு முன். பூமியே அப்போது இல்லை. அப்போதும் வரம்பு மீறப்பட்டது. சதி என்று ஒன்று இருந்தால் அது குறைந்தது 780 கோடி ஆண்டுக்கு முன்பே தீட்டப்பட்டிருக்க வேண்டும்.

மறுக்கப்பட்டுவிட்டதா என்றால், இல்லை. சதியைப் பெருவெடிப்பு வரை பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். 1999-இல் நோபல் பெற்ற கெரார்ட் ட் ஹூஃப்ட் போன்ற பெரிய மூளைகளே நிர்ணயத்தின் பக்கம் நிற்கிறார்கள். எனக்கு அதில் உள்ள சங்கடம் வேறு. சோதிப்பவரின் தேர்வும் சோதிக்கப்படுவதும் ரகசியமாகக் கைகோத்திருக்கலாம் என்று ஓரிடத்தில் இடம் கொடுத்துவிட்டால், மருந்து வேலை செய்கிறதா என்று நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்க்கும் சோதனைக்குக்கூட மதிப்பில்லாமல் போய்விடும்.

அண்மைக்காலத்தில் இந்த விவாதம் எதிர்பாராத ஒரு மூலையிலிருந்து கிளறப்பட்டிருக்கிறது. ஜெனீவாவின் இயற்பியலாளர் நிக்கோலா கிசின் குவாண்டத்தை விட்டுவிட்டு நியூட்டனிடமே போய்க் கேட்கிறார்: பழைய இயற்பியல் உண்மையிலேயே தீர்மானமானதுதானா? பூதத்துக்கு ஒவ்வொரு துகளின் இருப்பிடமும் தெரியும் என்றால், முடிவில்லாத இலக்கங்கள் கொண்ட எண்ணாகத் தெரியும் என்று பொருள். முடிவில்லாத இலக்கம் என்றால் முடிவில்லாத தகவல். ஒரு சிறு இடத்துக்குள் முடிவில்லாத தகவல் அடங்கும் என்று எந்தச் சோதனை சொன்னது? யாரும் சொல்லவில்லை, கணித வசதிக்காக நாம் சேர்த்துக்கொண்டது. தொலைதூர இலக்கங்கள் இன்னும் உருவாகவே இல்லை, காலம் போகப் போகத்தான் உருவாகின்றன என்று கொண்டால் என்ன? அந்த இலக்கங்கள்தாம் பிற்பாடு வானிலையாகவும் புதனின் பாதையாகவும் பெருகுபவை. அப்படியானால் பூதத்துக்கும் நாளை தெரியாது. அறியாமையால் அல்ல, அறிய இன்னும் ஒன்றும் இல்லாததால்.

இதற்குக் கிசின் துணைக்கு அழைப்பது நூறாண்டுக்கு முந்தைய டச்சுக் கணிதர் பிரவுவரை. எண் என்பது முழுமையாக எங்கோ கிடப்பதல்ல, படிப்படியாக வளரும் ஒரு செயல் என்றவர் அவர். சக கணிதர் ஹில்பர்ட்டோடு மூண்ட சண்டையில் 1928-இல் கணித இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். அவருடைய கணிதத்தில் காலம் இருக்கிறது. ஹில்பர்ட்டின் கணிதத்தில் இல்லை. நாம் பள்ளியில் கற்பது ஹில்பர்ட்டினுடையது. அதை வைத்து எழுதிய இயற்பியலில் காலம் உறைந்து கிடப்பதைக் கண்டு ஏன் வியக்க வேண்டும் என்பது கிசினின் குறும்பான கேள்வி.

எதிர்த்தரப்புக்கும் சொல்ல உண்டு. முடிவில்லாத இலக்கங்களோடு எழுதிய சமன்பாடுகள் முந்நூறு ஆண்டாகப் பிழையின்றி வேலை செய்கின்றன. எளிமையானவற்றை விட்டுவிட்டுச் சுற்றுவழி ஏன் போக வேண்டும் என்கிறார்கள். கிசினின் மாற்று வழியும் இதே கணிப்புகளைத்தான் தருகிறது என்பதால் இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை இன்றுவரை இல்லை. மனிதர் அளந்தவற்றிலேயே மிகத் துல்லியமானது காலம். இன்றைய சிறந்த அணுக்கடிகாரங்கள் ஒரு நொடியின் 18-ஆவது தசம இலக்கத்தைத் தாண்டிவிட்டன. அவர்கள் இருதரப்பும் வாதாடும் இலக்கங்கள் அதற்கு வெகு அப்பால் இருக்கின்றன, அல்லது இன்னும் இல்லை.